நீரின் தோலைக் கிழிக்கும் வேளை

மழை விட்ட மாலைப் பொழுதிலே காளப்பநாயக்கன்பட்டிக் கடைத்தெருவில் நின்று கிழக்கே நோக்கினால், கொல்லிமலை மேகத்தைத் தோள்மேல் இட்ட துண்டுபோலப் போட்டுக்கொண்டு நெடுஞ்சுவராய் நிற்பதையும், காரவல்லி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளாய்ச் சுற்றியேறும் பாதை இருளோடு இருளாய்க் கரைந்துபோவதையும் காணலாம். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியதும் மண்ணுக்குள்ளிருந்து ஈசல் புறப்படும், விளக்கைச் சுற்றும், சிறகு உதிர்க்கும், விடிந்ததும் கோழிகளுக்கு விருந்தாகும். ஆண்டுதோறும் நிகழும் சங்கதியாதலால் ஊரார் எவரும் அதனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், தேநீர்க் கடையின் சுண்ணாம்புச் சுவரில், அந்த ஈசற் கூட்டத்தின் நடுவே அதனோடு சேராத பூச்சி ஒன்று அமர்ந்திருக்கக் கண்டு எழுந்து அருகே சென்றேன். ஈசல் தன் சிறகுகளை முதுகின்மேல் படுக்கையாக மடித்துக்கொள்ளும். இதுவோ பாய் விரித்த தோணியைப்போலச் சிறகுகளை நிமிர்த்தி வைத்திருந்தது. வாலின் நுனியில் மயிரினும் மெல்லிய இரண்டு நீண்ட இழைகள். முன்கால்கள் இரண்டும் யாரையோ கும்பிடுவதுபோல் முன்னே நீண்டிருந்தன.

கடைக்காரர் வயதானவர். என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, செவுத்துல அப்படி என்னத்தங்க பாக்கறீங்க?"

"இந்தப் பூச்சிக்கு இங்க என்ன பேருங்க?"

அவர் கிட்டே வந்து கண்ணை இடுக்கிக்கொண்டு நோக்கினார். "பேரு என்னங்க பேரு, வெளக்குப் பூச்சிங்க. ராத்திரி வருமுங்க. காலையில கூட்டித் தள்ளீருவமுங்க."

அவர் கூட்டித் தள்ளுகிற அந்த அற்பப் பிராணியின் வாழ்நாளில் ஒரு சில நிமிஷங்களைப் பற்றி மட்டுமே மேல்நாட்டார் நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சில நிமிஷங்களைப் பட்டு நூலாலும் பறவைத் தூவியாலும் ஒரு தூண்டில் முள்ளின்மேல் சமைத்துக் காட்டுவதற்கென்றே ஆயுளைச் செலவிட்டவர்களும் உண்டு. அந்தக் கலையைப் பழகுவதற்காகவே ஓர் அயல்நாட்டு மீனைக் கடல் கடத்திக் கொணர்ந்து நம் நீலகிரியின் ஓடைகளிலே குடியேற்றவும் செய்தார்கள். பூச்சியை முதலிலும் மீனைப் பிறகும் கவனிக்கிற இந்த விசித்திரமான மீன்பிடிப்பைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

ஒரு நாள் சிறகினம்

ஆங்கிலேயர் இப்பூச்சியை மேஃப்ளை என்பர். மே மாதத்தில் அவர்கள் நாட்டு நதிகளில் இது திரளாகத் தோன்றுவதால் வந்த பெயர் அது. உண்மையில் இது ஈயுமன்று, மே மாதத்துக்கு மட்டும் உரியதுமன்று. ஆயினும் வசதியை முன்னிட்டு நாம் இதனை 'மே ஈ' என்றே வழங்குவோம். விஞ்ஞானிகள் இட்ட பெயர் எபிமெரோப்டெரா. 'ஒரு நாளே வாழும் சிறகினம்' என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் கருத்து. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உலகெங்கும் அறியப்பட்டுள்ளன. காலையில் பிறந்து மாலையில் மடியும் சிறகுடைய ஜந்து ஒன்று கருங்கடற்கரை நாட்டின் ஹிபானிஸ் நதியில் உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். டச்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சுவாமர்டாம் 1675-ஆம் ஆண்டில் இதன் வாழ்க்கையை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஹங்கேரியில் திஸா நதியின்மேல் பெரிய மே ஈக்கள் ஜூன் மாதத்தில் திரண்டெழும் காட்சியை அந்நாட்டு மக்கள் 'திஸாவின் பூ' என்று அழைத்துக் கரையோரம் கூடி நின்று காண்கிறார்கள்.

ஒரு நாள் வாழ்வு என்று சொல்வது சிறகு முளைத்தபின் உள்ள வாழ்வை மட்டும் கணக்கிட்டுச் சொல்வதாகும். அதற்கு முன் மாதக்கணக்கிலும், குளிர்நாடுகளில் சில வகைகள் ஓராண்டு ஈராண்டு வரையிலும், நீரடியிலே கழிக்கின்றன. ஓடைக் கற்களின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, வயிற்றின் இருமருங்கும் இலைபோலவும் இழைபோலவும் அமைந்த செவுள்களால் நீரிலுள்ள பிராணவாயுவை ஏற்று, பாசியையும் மக்கிய இலைத்துகளையும் தின்று, உடல் பெருக்குந்தோறும் தோலை உரித்துக்கொண்டு வளரும் இந்தப் பருவத்தை நிம்ஃப் என்பர். அத்தனை மாதங்கள் உண்டு சேர்த்ததெல்லாம் ஒரே ஒரு மாலைப் பொழுதுக்கான கட்டுச்சோறு. ஏனெனில் சிறகு பெற்றபின் அதற்கு உணவில்லை, உண்பதற்கு வாயும் செயற்படுவதில்லை. அதன் குடல் காற்று நிரம்பிய வெறும் குழாயாகிவிடுகிறது. கூடுவதும் முட்டையிடுவதுமே எஞ்சிய காரியம். வட அமெரிக்க வகை ஒன்றில் பெண்பூச்சியின் சிறகு வாழ்வு ஐந்து நிமிஷங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

பூச்சிகளின் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஒரு விசேஷமும் இதற்கு உண்டு. சிறகு முளைத்து அந்தச் சிறகால் பறந்தபின்னும் மே ஈ மறுபடி ஒரு முறை தோலுரிக்கிறது. நீரிலிருந்து முதலில் எழும் மங்கிய சிறகுடைய பூச்சியை டன் என்றும், அது கரையோரப் புதரில் தங்கித் தோலுரித்துக் கண்ணாடிபோன்ற சிறகோடு வெளிவரும்போது ஸ்பின்னர் என்றும் தூண்டிற்காரர்கள் அழைக்கிறார்கள். நிம்ஃபுக்கும் டன்னுக்கும் இடையே இருப்பதுதான் நமது கட்டுரையின் பொருளான அந்தச் சில நிமிஷங்கள்.

இரண்டு உலகங்களின் எல்லை

காலம் கனிந்த நிம்ஃபின் முதுகில் சிறகுறைகள் கறுத்துப் பருக்கின்றன. பழைய தோலுக்கும் புதிய உடலுக்கும் இடையே வாயு சேர்கிறது. அந்த வாயு அதனை நீரடியிலிருந்து மேலே தூக்குகிறது. கல்லின் மறைவைவிட்டு, ஒளிந்துகொள்ள ஒரு துரும்பும் இல்லாத நடுநீரின் வழியாக அது மேற்பரப்பை வந்தடைகிறது. அடைந்ததும் வாயில் திறந்திருப்பதில்லை. நீரின் மேற்பரப்பு என்பது நமக்கு ஒன்றுமில்லாத ஒன்று. நாம் கையை விட்டால் கை உள்ளே போகிறது. கொசுவளவு கனமுள்ள பிராணிக்கோ அஃது இழுத்துக் கட்டிய முரசுத்தோல். நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் உண்டாகும் இந்தப் பரப்பு இழுவிசையைத்தான் நிம்ஃப் கீழிருந்து முட்டிக் கிழிக்கவேண்டும்.

முதுகின் நடுவே தோல் வெடிக்கிறது. முதலில் மார்பும், பிறகு தலையும், பிறகு கசங்கிய துணிபோன்ற சிறகுகளும் காற்றுக்குள் வருகின்றன. வயிற்றின் பின்பகுதியோ இன்னும் பழைய சட்டைக்குள்ளே, நீருக்குள்ளே கிடக்கிறது. பாதி நீருக்கும் பாதி காற்றுக்கும் உரியதாய், நீந்தவும் இயலாமல் பறக்கவும் இயலாமல், ஓட்டத்தோடு மிதந்துசெல்லும் இந்த நிலையைத்தான் எமர்ஜர் என்று தூண்டிற்காரர்கள் சொல்கிறார்கள். வெளிப்பட்டுக்கொண்டிருப்பது என்பது பொருள். வெயிலடிக்கும் நாளில் சிறகு விரைவில் உலர்ந்து பூச்சி சீக்கிரம் எழும். வானம் மூடிச் சிறுதூறல் போடும் நாளிலோ உலர நேரமாகும். மிதக்கும் தூரமும் நீளும். சில பூச்சிகள் பழைய தோலிலிருந்து விடுபடாமலே சிக்கி மடிவதும் உண்டு. நமக்கு உவப்பில்லாத தூறல் நாளே தூண்டிற்காரருக்குச் சுபதினமாவது இதனால்தான்.

இப்போது மீனின் பக்கம் நின்று பாருங்கள். முன்னே குறித்த அயல்நாட்டு மீனாகிய ட்ரவுட், ஓட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நின்றபடி, வருவதை வாங்கித் தின்னும் இயல்புடையது. பாய்ந்து துரத்துவதில் செலவாகும் சக்தி இரையிலிருந்து கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால்தான் அது பிழைக்கும். நீரடியில் இருக்கும் நிம்ஃப் கல்லுக்குள் ஒளியும்; பரப்பின்மேல் நிற்கும் டன் எந்தக் கணமும் பறந்துவிடும்; நடுவே சட்டைக்குள் கை மாட்டிக்கொண்ட குழந்தையைப்போலத் தவிக்கும் எமர்ஜரோ எங்கும் ஓடாது. ஆகவே மே ஈக்கள் திரளாக எழும் வேளையில் ஓடை முழுவதும் அழகிய சிறகுப் பூச்சிகள் மிதந்துகொண்டிருக்க, மீன்கள் அவற்றையெல்லாம் விட்டு, பரப்பை ஒட்டித் தொங்கும் இந்த அரைகுறைப் பிறவிகளையே தேர்ந்து தின்பதைக் காணலாம்.

அதனை நீரின்மேல் தோன்றும் குறியாலே அறியவேண்டும். சிறகு விரித்த பூச்சியை மீன் வாய்திறந்து விழுங்கும்போது காற்றும் கூடவே உள்ளே போகிறது. அந்தக் காற்று செவுள் வழியாக வெளியேறி, வட்டமிட்ட அலையின் நடுவே ஒரு குமிழியாய் நிற்கும். எமர்ஜரை எடுக்கும்போது மீனின் வாய் பரப்புக்கு மேலே வருவதில்லை, நீர் சற்றே புடைக்கும், முதுகுத் துடுப்பும் வால் நுனியும் சோம்பலாய்ப் புரண்டு மறையும், வட்டம் விரியும், குமிழி இராது. இந்தக் குமிழி உண்டா இல்லையா என்ற ஒரு சூட்சுமத்தைக் கவனியாமல் நாள் முழுதும் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் எண்ணிக்கைக்கு அளவில்லை.

மஜ்ஜைக் கரண்டியும் ஒரு வழக்கறிஞரும்

பூச்சியைப்போல் ஒரு பொய்ப் பூச்சி செய்து மீனை ஏமாற்றும் வழக்கம் மிகப் பழமையானது. மாசிடோனிய நாட்டார் முள்ளிலே செங்கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் தூவி இரண்டைக் கட்டிப் புள்ளிமீன்களைப் பிடித்தார்கள் என்று ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்ற ரோமானிய ஆசிரியர் குறித்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று, மாதத்துக்குத் தக்கபடி கட்டவேண்டிய பன்னிரண்டு ஈக்களை வருணிக்கிறது. ஆயினும் நீரின் தோலில் நிகழும் நாடகம் மனிதர்க்குத் தெளிவாய் விளங்கியது அண்மைக் காலத்திலேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நதிகளில் ஹால்ஃபோர்டு என்பவர் வைத்ததே சட்டம். 1886-இல் அவர் வெளியிட்ட நூல், நீரின்மேல் நனையாமல் மிதக்கும் ஈயாலே, மேலெழுந்து இரையெடுக்கும் மீனைப் பிடிப்பது ஒன்றே சான்றோர்க்கு உகந்த முறை என்னும் கொள்கையை நிலைநாட்டியது. அவருடைய சீடர்கள் அதனை ஏறத்தாழ ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த மதத்துக்குள்ளே பிறந்த நாஸ்திகர் ஸ்கியூஸ். லண்டனில் வழக்கறிஞராய் இருந்த அவர், சாட்சியத்தைப் பார்க்காமல் தீர்ப்பைச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். பிடித்த மீனின் வயிற்றுக்குள் எலும்பு மஜ்ஜை தோண்டும் நீண்ட கரண்டியை விட்டு, அது கடைசியாகத் தின்றதை எடுத்து, ஒரு தட்டில் நீரூற்றிப் பரப்பிப் பார்த்தார். மேலே மிதக்கும் பூச்சிகளைத் தின்பதாக எல்லாரும் எண்ணியிருந்த மீனின் வயிற்றில் நிம்ஃபுகளும் பாதி உரிந்த பூச்சிகளுமே மிகுந்திருந்தன. 1910-இல் அவர் எழுதிய நூலும் அதனைத் தொடர்ந்த விவாதங்களும் அவருக்கு நண்பர்களைவிடப் பகைவரையே மிகுதியாய்த் தேடித்தந்தன. அவர் தம் எண்பதாம் வயதை எட்டிய 1938-ஆம் ஆண்டிலே கூட லண்டன் தூண்டிற்காரர் சங்கத்தில் நிம்ஃபைக் கொண்டு மீன் பிடிப்பது முறையா என்று ஒரு வாதம் நடைபெற்றது.

அமெரிக்காவில் லைசென்ரிங் என்பவர் 1941-இல் வெளியிட்ட நூலில், மூழ்கிச் செல்லும் ஈயை மீனின் மூக்கருகே வரும்போது சற்றே மேலெழச் செய்து, நிம்ஃப் பரப்பை நோக்கி ஏறுவதுபோல் காட்டும் உபாயத்தை விளக்கினார். 1971-இல் ஸ்விஷர், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர், மீன் எந்தப் பருவத்தைத் தேர்கிறது என்பதையே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். எமர்ஜர் என்ற சொல் தூண்டிற்காரர் நாவில் நிலைபெற்றதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1984-இல் ஹான்ஸ் வான் கிளிங்கன் என்ற டச்சுக்காரர் நார்வேயின் குளோமா நதிக்கரையில் கட்டிய ஈ, இன்று உலகெங்கும் கிளிங்காமர் என்ற பெயரால் வழங்குகிறது. அதன் தலைப்புறம் மட்டும் சேவல் தூவி வட்டத்தால் நீர்மேல் தாங்கப்பட, வளைந்த உடற்பகுதி முழுவதும் பரப்புக்குக் கீழே தொங்கும். பாதி மேலே, பாதி கீழே என்ற அந்த ஒரு தத்துவத்தை முள்ளின் வளைவிலேயே அமைத்ததுதான் அவருடைய சாதுரியம்.

முள்ளும் தூவியும்

நம் ஊர்க் குளத்தில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, ஈயக் குண்டின் கனத்தால் தூண்டிலை எறிந்து கெண்டைக்கும் கெளுத்திக்கும் காத்திருப்பவருக்கு இந்த முறை தலைகீழாய்த் தோன்றும். இதில் புழு இல்லை, தக்கை இல்லை, ஈயமும் இல்லை. முள்ளோ அரிசியின் நீளமே உடையது. அதில் கட்டிய ஈக்குக் கனமே கிடையாது. கனமற்றதை எறிவது எங்ஙனம்? ஆகவே கனத்தை நூலுக்குக் கொடுத்தார்கள். எட்டு ஒன்பது அடிக் கோலை முன்னும் பின்னும் வீசும்போது தடித்த நூல் காற்றிலே சாட்டைபோல் சுருண்டு விரிந்து செல்கிறது. அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பும், நரம்பின் நுனியில் ஈயும் சருகு வீழ்வதுபோல் நீரில் அமர்கின்றன. நைலான் வருவதற்கு முன் அந்த நரம்பு பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுக்கப்பட்டது. கோல், சீனத்து மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்டது.

எமர்ஜர் கட்டுவதில் உள்ள நுட்பமெல்லாம், எவ்வளவு மிதக்கவேண்டும், எவ்வளவு மூழ்கவேண்டும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. கீழே தொங்கும் உடலுக்கு நீரை உறிஞ்சும் மென்மயிர். பின்னே இழுபடும் பழைய சட்டைக்குப் பழுப்பு நிறச் செயற்கை இழையில் ஒரு சிட்டிகை. மேலே தாங்கும் பகுதிக்கோ வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்துள்ள மென்தூவி. வாத்து தன் உடம்பு நனையாமல் காத்துக்கொள்ளும் அந்த எண்ணெயே மனிதனுடைய பொய்ப் பூச்சியையும் மிதக்க வைக்கிறது. சேவலின் கழுத்துத் தூவிக்காக இந்தியக் கோழிகளின் தோல்கள் நெடுங்காலம் மேல்நாட்டுக்குக் கப்பலேறின. நம் நாட்டுக் காடுகளுக்கே உரிய சாம்பல் நிறக் கானக்கோழிச் சேவலின் கழுத்தில், மெழுகு சொட்டியதுபோல் மின்னும் பொட்டுகளோடு கூடிய தூவிகள் உண்டு. சாமன் மீனுக்கு ஈ கட்டுவோர் அதனை மிகுவிலை கொடுத்து வாங்கினார்கள். அந்த ஆசை ஒரு பறவையினத்துக்கே ஆபத்தாய் முடியுமோ என்ற நிலையில் நம் அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. இன்று அது சட்டத்தால் காக்கப்படும் பறவை.

ஈ எவ்வளவு நன்றாய் அமைந்தாலும், அது நீரோட்டத்தின் வேகத்திலேயே செல்லவேண்டும். நரம்பு ஓரிடத்தில் இழுபட்டால், ஈயின் பின்னே நீர் சிறிய கூர்வடிவில் பிளக்கும். எந்தப் பூச்சியும் அப்படி நகர்வதில்லை என்பது ட்ரவுட்டுக்குத் தெரியும்.

நீலகிரியில் ஓர் அயலார்

இந்தக் கலையைக் கையோடு கொண்டுவந்த ஆங்கிலேயர், உதகமண்டலத்தின் குளிர்ந்த ஓடைகளைக் கண்டதும் ஸ்காட்லாந்தை நினைத்துக்கொண்டனர். ஓடையில் ட்ரவுட் இல்லை என்பதே அவர்களுக்குக் குறை. சென்னை இராணுவத்தின் மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை இயற்றியவருமான பிரான்சிஸ் டே, 1860-களில் ட்ரவுட்டைக் கொணர முயன்றார். வெப்பக் கடலைக் கடந்து மீன்முட்டைகளை உயிரோடு கொண்டுவருவது எளிதாக இல்லை, முயற்சி பலிக்கவில்லை. 1864-இல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டியும் பாசியும் இட்டு வைத்த முட்டைகள் டாஸ்மேனியாவை அடைந்து பொரித்தபின்தான், இது மனித சாத்தியமான காரியம் என்பது உலகுக்குத் தெரியவந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸோ, வராததற்கு ஏங்காமல், நம் ஆறுகளின் மஹ்சீர் மீனைப் போற்றி 1873-இல் தூண்டில் நூல் ஒன்று எழுதிப் புகழ்பெற்றார். நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென 1879-இலேயே தனிச் சட்டம் பிறந்தது.

காரியத்தை முடித்தவர் வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர். சென்னை அரசு அவரை இதற்கென அமர்த்த, 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்று எழுந்தது. இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வானவில் ட்ரவுட் அங்கிருந்து வந்தது. காஷ்மீரத்துக்கு 1900-ஐ ஒட்டிப் பழுப்பு ட்ரவுட் வந்து சேர்ந்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தாரும் தம் மலையோடைகளில் ட்ரவுட்டை வளர்த்தனர். வானவில் ட்ரவுட்டின் தாய்நாடு வட அமெரிக்காவின் பசிபிக் கரை. நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேல் நெடுநாள் நீடித்தால் அதற்கு உடம்புக்கு ஆகாது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்குருத்திப் பக்கத்து நீர்நிலைகளே அதற்கு வாய்த்தன. சோலைக் காட்டின் நிழலிலும் புல்வெளியின் பஞ்சுபோன்ற மண்ணிலும் சேமிக்கப்பட்டுச் சிறுகச் சிறுகக் கசியும் குளிர்நீரே அந்த ஓடைகளின் உயிர்.

இங்கிலாந்திலிருந்து வந்த நாட்காட்டி மட்டும் இங்கே செல்லுபடியாகவில்லை. அங்கே உறைகுளிர் பூச்சிகளின் வளர்ச்சியை நிறுத்தி வைத்து, வசந்தத்தில் ஒரே மூச்சாய் அவிழ்த்துவிடுவதால், இன்ன வாரத்தில் இன்ன மே ஈ எழும் என்று பஞ்சாங்கம்போல் கணித்துச் சொல்லலாம். வெப்ப மண்டலத்தில் அத்தகைய கடும் இடைவெளி இல்லை. பெரும்பாலான வகைகள் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக எழுகின்றன. நீலகிரியில் தூண்டில் போடுகிறவர் புத்தகத்தைப் புரட்டுவதைவிடக் கல்லைப் புரட்டிப் பார்ப்பதே பயன்தரும்.

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உலகிற் பெருந்தீங்கு விளைத்த அந்நிய உயிரினங்கள் நூறு என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் வானவில் ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும் இடம்பெற்றிருக்கின்றன. தாம் பிறவாத ஓடைகளில் சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் பூச்சிகளையும் தின்று தீர்ப்பதால் வந்த அபகீர்த்தி அது. குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கனடா நாட்டு உதவியோடு எழுந்த அணைகள் பல ஓடைகளை ஏரிகளாக்கின. தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கின. அவலாஞ்சிப் பொரிப்பகம் தமிழ்நாட்டு மீன்வளத் துறையின் பொறுப்பில் இன்றும் இருக்கிறது. எனினும் ஓர் இன்பத்துக்காக ஓர் உயிரை இடம்பெயர்த்துவிட்டு, அதன் பலனை யார் யார் அனுபவிக்கிறார்கள் என்று நாம் நூறாண்டு கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஐயாற்றங்கரை

கொல்லிமலையில் ட்ரவுட் இல்லை. ஏறக்குறைய 1300 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடுகிற இந்த மலையின் நீர் அதற்குப் போதிய குளிர்ச்சியுடையதன்று. கொணர்ந்து விட்டாலும் கோடையைத் தாங்காது. அதனை ஒரு பாக்கியமென்றே கருதுகிறேன். தேநீர்க் கடைச் சுவரில் அந்தப் பூச்சியைக் கண்ட மறுநாள் பேருந்தேறி மலைக்குச் சென்றேன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணரால் பாடப்பெற்ற வல்வில் ஓரியின் மலை அது. வேட்டையின் பெரும்புகழ் படைத்த அந்த மலையிலே, அறப்பளீசுவரர் கோயிலின் முன் ஓடும் ஐயாற்று மீன்களை மட்டும் யாரும் தொடுவதில்லை. முன்னொரு காலத்தில் அறுத்துச் சமைத்த மீனை இறைவன் பொருத்தி உயிர்ப்பித்து ஆற்றில் விட்டான் என்று ஊரார் சொல்வர். அவற்றைத் தெய்வமாகவே எண்ணிப் பொரியிட்டு வணங்குவர்.

கோயிற்படியைக் கடந்து, ஆகாய கங்கையாய் வீழ்வதற்கு முன் ஆறு கற்களுக்கிடையே சலசலக்கும் ஓரிடத்தில் இறங்கி, உள்ளங்கையளவு கல் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். எதிர்பார்த்தது வீண்போகவில்லை. நகத்தில் பாதியளவுள்ள நிம்ஃப் ஒன்று வெளிச்சத்துக்கு அஞ்சி விளிம்பை நோக்கி ஓடியது. அழுக்கு நீரில் இவ்வினத்தில் பலவும் வாழ மாட்டா. பிராணவாயு குறைந்தாலும், பூச்சிமருந்து கலந்தாலும், வண்டல் படிந்து கல்லிடுக்கு அடைபட்டாலும் முதலில் மறைவன இவையே. ஆதலால் ஓர் ஓடை நலமாயிருக்கிறதா என்று அறிய விரும்பும் விஞ்ஞானிகள், நாடி பிடிக்கும் வைத்தியரைப்போல முதலில் கல்லைப் புரட்டி இவற்றை எண்ணுகிறார்கள். தென்னாட்டு மே ஈக்களை ஆராய்ந்தவர்களுள் முன்னோடியான மதுரைக் கல்லூரியின் சிவராமகிருஷ்ணன், 1984-இல் தாம் விவரித்த வகை ஒன்றின் பெயரிலே குற்றாலத்தைச் சேர்த்துப் 'பீட்டர்சுலா குற்றாலென்சிஸ்' என்று வைத்தார். நம் அருவியொன்றின் பெயர் உலக விஞ்ஞானத்தில் ஒரு பூச்சியின் சிறகேறி நிற்கிறது.

என் கையிலிருந்த கல்லின் நிம்ஃபை மீண்டும் உற்றுப் பார்த்தேன். அதன் முதுகிலே சிறகுறைகள் கன்னங்கரேலென்று பருத்திருந்தன. இன்று மாலையோ நாளை மாலையோ அதற்கு வேளை வந்துவிடும். எடுத்த இடத்திலேயே, எடுத்த முகம் கீழாக, கல்லை மெல்ல வைத்துவிட்டுக் கோயிற்கரைக்கு வந்து அமர்ந்தேன்.

பொரி போடுகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்து, வானம் மூடிக்கொண்டு, பொசுபொசுவென்று தூறல் விழத் தொடங்கிற்று. நீரின் நடுவே ஓரிடம் சற்றே புடைத்தது. ஒரு முதுகு சோம்பலாய்ப் புரண்டு மறைந்தது. வட்டம் ஒன்று விரிந்து படித்துறையைத் தொட்டது. குமிழி எழவில்லை.